கேபிள் அறுபடவில்லை

ராஜ்கமல் சொன்னது காதில் விழுந்தும் மஹ்ஜபீன் அவரை இன்னொரு முறை சொல்ல வைத்தாள்.

“ஹாஸ்டலுக்கு நெட்ட நிறுத்துங்கன்னேன். பொம்பளைப் பிள்ளைக ஹாஸ்டலுக்கு மட்டும். யாரும் கேட்டா, கேபிள் அறுந்துபோச்சு, ஆள் வரணும்னு சொல்லுங்க.”

கன்னிவாடிச் சாலையில், மலையடிவாரத்தில் இருந்தது அந்தப் பொறியியல் கல்லூரி. ராஜ்கமல் அதன் நிர்வாக அதிகாரி. கம்ப்யூட்டர், வைஃபை, கேமரா எல்லாவற்றுக்கும் பொறுப்பு மஹ்ஜபீன். திண்டுக்கல் பேகம்பூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள். முந்தின நாள் விடுதி மாணவிகள் புழு மிதந்த சாம்பாரை அண்டாவோடு தூக்கி வந்து அலுவலக வாசலில் கவிழ்த்திருந்தார்கள். அதற்குத்தான் இந்தத் தண்டனை.

“சார், அங்க போன் டவரே எடுக்காது. காலேஜ் வைஃபையும் பிள்ளைகளுக்குக் கெடையாது. கடைசி வருசப் பிள்ளைகளுக்கு இது இண்டர்வியூ நேரம்.”

“தெரிஞ்சுதான் சொல்றேன். முடியாதுன்னா இப்பவே சொல்லிருங்க. உங்க சீட்டுக்கு வத்தலக்குண்டுல ஒருத்தன் காத்துக் கெடக்கான்.”

பக்கத்து மேசையில் லேப் டெக்னீஷியன் கஸ்பார் கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தே பார்க்கவில்லை. மஹ்ஜபீன் விடுதியின் இணைப்பை நிறுத்தினாள். இரண்டே கிளிக்கில் முடிந்துபோனது என்பதுதான் பிறகு அவளை உறுத்தியது.

அன்று மாலையே மாணவிகள் வந்தார்கள். “அக்கா, நெட் வரல.” கேபிள் அறுந்துவிட்டது என்றாள். மறுநாளும் வந்தார்கள். “இம்புட்டு நேரமா ஒரு ஆள் வரல?” அதற்கடுத்த நாள் யாரும் அவளை அக்கா என்று கூப்பிடவில்லை. கேன்டீனில் அவள் உட்கார்ந்ததும் மேசையிலிருந்தவர்கள் தட்டோடு எழுந்து போனார்கள். சர்வர் அறைக் கதவில் ‘பொய்க்காரி’ என்று யாரோ மார்க்கரால் எழுதிவிட்டுப் போயிருந்தார்கள்.

அன்று மதியம் வார்டன் அறைக் கேமராவைச் சரிசெய்ய விடுதிக்குப் போனவள் மொட்டை மாடியைப் பார்த்தாள். கடைசி வருட மாணவி இளவேனில், சின்னாளபட்டிக்காரி, தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி நின்றாள். தேய்த்த சட்டை, இறுக்கிப் பின்னிய சடை. டவர் தேடிப் போனை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தாள்.

“ஹலோ சார்… கேக்குதா சார்? நான் சொல்றது கேக்குதா? சார்…”

போனை இறக்கித் திரையைப் பார்த்தாள். பிறகு இறங்கி வந்து நேராக மஹ்ஜபீன் முன்னால் நின்றாள்.

“கேபிள் எங்க மேடம் அறுந்துச்சு?”

“ரோட்டோரத்துல… பள்ளம் தோண்டுனாங்க…”

“எந்த எடம்னு சொல்லுங்க. ரெண்டு முனையவும் நான் போய்ப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். இண்டர்வியூல கடைசி ரவுண்டு மேடம். பாதிப் பேச்சுல கட்டாகிப்போச்சு.”

மஹ்ஜபீன் கேமராவைத் தொடாமலே திரும்பினாள்.

மறுநாள் காலை பஸ்ஸிலிருந்து இறங்கியதும் சர்வர் அறைக்குப் போய் விடுதி இணைப்பைத் திறந்துவிட்டாள். அது திரும்பி வரக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அங்கிருந்து விடுதிச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனாள். இட்லித் தட்டுகளோடு எல்லாரும் இருந்தார்கள்.

“கேபிள் அறுபடல. ராஜ்கமல் சார் நிறுத்தச் சொன்னாரு. நான்தான் நிறுத்தினேன்.”

ஒரு தட்டு அவள் காலடியில் வந்து விழுந்தது. சட்னி செருப்பில் தெறித்தது. “சொல்லிட்டா ஆச்சா?” என்று யாரோ கத்தினார்கள். அப்புறம் மொத்தக் கூட்டமும் அவளையும் இழுத்துக்கொண்டு அலுவலகத்துக்குக் கிளம்பியது.

ராஜ்கமல் வாசலுக்கு வந்தார். கூச்சல் அடங்கும்வரை பொறுமையாக நின்றார்.

“நானா சொன்னேன்? இந்தம்மாவுக்கு வேலை தெரியல. மூணு நாளா நெட்டச் சரிபண்ணத் துப்பில்லாம இப்ப என் தலையில கட்டுறா. கஸ்பார், நீங்க அங்கதான இருந்தீங்க? நான் அப்படிச் சொன்னேனா?”

கஸ்பார் தரையைப் பார்த்தார். “இல்ல சார். என் காதுல ஏதும் விழல.”

அந்த நேரம் பார்த்து, திரும்பி வந்த விடுதி வைஃபை அலுவலக வாசல்வரை எட்ட, ஒவ்வொரு போனாக ஒலிக்கத் தொடங்கியது. தேங்கிக் கிடந்த செய்திகள் மொத்தமாக வந்து விழுந்தன. மாணவிகள் குனிந்தார்கள். கூட்டம் தானாகக் கலைந்தது. ராஜ்கமல் கையை நீட்டினார். மஹ்ஜபீன் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்தாள்.

கேட்டில் காவலாளி அவள் பையைக் கவிழ்த்துச் சோதித்துக்கொண்டிருந்தபோது இளவேனில் வந்தாள்.

“என்னை மன்னிச்சிரும்மா” என்றாள் மஹ்ஜபீன்.

“மன்னிப்ப வச்சு நான் என்ன செய்ய? கம்பெனிக்கு மெயில் போடுங்க. வேணும்னே நிறுத்துனதுன்னு, உங்க பேரப் போட்டு.”

அப்படி எழுதிக் கொடுத்தால் இந்தப் பக்கத்தில் எந்தக் கல்லூரியிலும் வேலை கிடைக்காது. ராஜ்கமலே அதைப் பரப்புவார். மஹ்ஜபீனுக்கு அது நன்றாகத் தெரியும். கேட்டோரம் நின்றபடியே, கல்லூரி வைஃபையிலேயே, போனில் எழுதினாள். இளவேனில் வாங்கிப் படித்தாள்.

“நிர்வாகம் சொல்லித்தான்னு இருக்கு. நீங்க செஞ்சது எங்க?”

அதையும் சேர்த்தாள். அனுப்பியதும் இளவேனில் திரும்பி நடந்தாள்.

கம்பெனி இளவேனிலுக்கு இன்னொரு நாள் கொடுத்தது. வேலையும் கிடைத்தது. வார்டன் போனில் சொல்லித்தான் மஹ்ஜபீனுக்குத் தெரிந்தது, இளவேனில் கூப்பிடவில்லை. விடுதியில் சாம்பார் மாறவில்லை என்றும் வார்டன் சொன்னார்.

அதன்பிறகு மஹ்ஜபீன் நாலைந்து கல்லூரிகளில் வேலை கேட்டு ஏறி இறங்கினாள். எல்லா இடத்திலும் சொல்லியனுப்புகிறோம் என்றார்கள். ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு கல்லூரியில் மட்டும் மேலாளர் அவள் விண்ணப்பத்தை ஒதுக்கி வைத்துவிட்டுக் கேட்டார்.

“ஏனுங்க, ஹாஸ்டலுக்கு நெட்ட நிறுத்திப்போட்டு, அப்பறம் நிர்வாகத்தயே காட்டிக் குடுத்தது நீங்கதானுங்களா?”

“ஆமா சார். ரெண்டும் நான்தான்” என்றாள் மஹ்ஜபீன். அவர் மேற்கொண்டு கேட்பாரா, போகச் சொல்வாரா என்று தெரியவில்லை. அவளாக எழுந்திருக்கவில்லை.