மூழ்குவதற்கு ஓர் ஆள்

நீச்சல் குளத்தின் ஓரத்தில் ஓடக் கூடாது. வருடக் கணக்காக இதை விசில் ஊதி ஊதிச் சொல்லி வருகிறவள் நான். அப்படிப்பட்ட நானே ஒரு நாள், வழுக்கைத் தலையர் ஒருவர் ஈரத் தரையில் ஓடுவதைப் பார்த்துவிட்டு, "ஓடாதீங்க, ஓடாதீங்க" என்று கத்திக்கொண்டு அவர் பின்னாலேயே ஓடினேன். அவர் பத்திரமாகக் குளத்தில் குதித்துவிட்டார். நான் வழுக்கி விழுந்தேன். வலது பாதம் வெளிப்பக்கமாக மடங்கி, அதன் மேல் என் மொத்த எடையும் இறங்கியது. நாலு பேர் என்னைத் தூக்கி பெஞ்சில் உட்கார வைத்தபோது அந்த மனிதர் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து, "பாத்து நடக்கக் கூடாதா மேடம்?" என்றார். அவரை அப்படியே திரும்பத் தண்ணீரில் தள்ளியிருப்பேன். என்ன செய்வது, எழுந்திருக்க முடியவில்லை.

எலும்பு முறியவில்லை, வெறும் சுளுக்குத்தான் என்றார் டாக்டர். அந்த 'வெறும்' என்ற வார்த்தையை அவர் தவிர்த்திருக்கலாம். எலும்பு முறிந்தவரை ஊரே வந்து பார்க்கும். சுளுக்கிக்கொண்டவளைப் பார்த்துச் சிரிக்கும். கணுக்கால் வீங்கிக் கறுத்துக் கிடக்க, வீட்டில் என் கணவர் முதல் கீழ் வீட்டுக்காரர் வரை எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "ஓடக் கூடாதுன்னு சொல்லிக்கிட்டே ஓடினியாமே?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோடைக்கு முன்னால் வருடாந்தரத் தேர்வு இருந்தது. குளத்தின் ஆழப் பக்கத்தில் இருக்கும் உயர்ந்த நாற்காலியில் உட்கார வேண்டுமானால், எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் அதில் தேற வேண்டும். தேறாவிட்டால் அடுத்த வருடம்வரை, குளிக்க வருகிறவர்களுக்குத் துணி வைக்கும் பெட்டகத்தின் சாவி கொடுக்கும் கவுண்டரில் உட்கார வேண்டியதுதான். சம்பளம் ஒன்றும் குறையாது. ஆனால் அங்கிருந்து பார்த்தால் தண்ணீர் தெரியாது. தண்ணீரைப் பார்க்காமல் ஒரு வருடம் உட்கார்ந்திருந்தால் நான் நானாக இருக்க மாட்டேன். இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் சிரிப்பார்கள்.

தேர்வை நடத்துகிறவர் எங்கள் மேற்பார்வையாளர். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் குளோரின். பக்கத்தில் வந்தாலே கண் எரியும். அவர் தேர்வில் இரண்டு பகுதி. முதலில் குறித்த நேரத்துக்குள் நீந்தி முடிக்க வேண்டும். அடுத்து, ஆழத்தில் தத்தளிக்கும் ஒருவரை இழுத்துக்கொண்டு எதிர்க்கரை சேர வேண்டும். அந்தத் தத்தளிக்கிற ஆளை நாமே கூட்டி வர வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். அந்த ஆளுக்கு நீச்சல் தெரிந்திருக்கக் கூடாது. "நீச்சல் தெரிஞ்சவன் நடிப்பான். கால் தானா உதைச்சு உங்களுக்கு உதவி பண்ணிடும்" என்பார். கரை சேர்ந்ததும் அந்த ஆளிடம் அவர் கேட்பது ஒரே கேள்விதான்: "இவங்க மறுபடி இழுத்தா வருவீங்களா?" வருவேன் என்றால் தேர்ச்சி. யோசித்தாலே தோல்வி. போன வருடம் ஒரு லைஃப்கார்டின் மாமியார் யோசித்துவிட்டார். அந்தப் பையன் இன்னும் சாவிக் கவுண்டரில் இருக்கிறான். மாமியாரும் அவன் வீட்டில்தான் இருக்கிறார்.

என் ஆள் எப்போதும் என் கணவர்தான். பேருந்து ஓட்டுகிறவர், கல்லைப் போல மூழ்குவார். "என் பொண்டாட்டிகிட்ட சொல்லிடுங்க" என்று கத்தியபடி மூழ்குவார், இழுப்பதே அந்தப் பொண்டாட்டிதான் என்பதை மறந்து. நடிப்பைக் குறைக்கச் சொல்லிக் குளோரின் இரண்டு முறை எச்சரித்திருக்கிறார்.

என் காலைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை என் நாத்தனார் எடுத்துக்கொண்டாள். நான் கொடுக்கவில்லை, அவளே எடுத்துக்கொண்டாள். மாடியில் குடியிருக்கிறாள், ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். எங்களுக்குள் ஏழாம் பொருத்தம். அவள் ஒன்று சொன்னால் அது ஒன்றுதான், அதில் அரை கூட்டவும் மாட்டாள், குறைக்கவும் மாட்டாள். நான் தேர்வுத் தேதியைச் சொன்னதும் என் பாதத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"நீந்தலாம் அண்ணி. ஆனா கால் சும்மா இருக்கணும்."

"கால் சும்மா இருந்தா அதுக்குப் பேரு நீச்சலா?"

"கை இருக்குல்ல?"

அப்படித்தான் ஆரம்பித்தது. தொடைகளுக்கு நடுவே ஒரு நுரைக் கட்டையை இடுக்கிக்கொண்டு, கையால் மட்டும் நீந்தினேன். சுவரை உதைத்துத் திரும்பக் கூடாது, கையால் தொட்டுத் திரும்ப வேண்டும். முதல் நாள் பாதித் தூரத்தில் தோள் கழன்றுவிடும் போலிருந்தது. பக்கத்துத் தடத்தில் ஒரு வயசாளி சாவகாசமாக என்னைத் தாண்டிப் போனார், திரும்பிப் பார்த்துப் புன்னகை வேறு செய்தார். வீட்டில் ஒற்றைக் காலில் நிற்கும் பயிற்சி. ரப்பர் பட்டையைப் பாதத்தில் மாட்டி உள்பக்கம் இழுக்கும் பயிற்சி. நாத்தனார் இரவுச் சாப்பாட்டுக்குக் கீழே வரும்போதெல்லாம் முதலில் தட்டைப் பார்க்க மாட்டாள், என் கணுக்காலைப் பார்ப்பாள்.

வாரங்கள் போகப் போகக் கை இறுகியது. மெல்ல உதைக்கவும் அனுமதி கிடைத்தது, பாதத்தை நீட்டி வைத்து மேலும் கீழும் மட்டும். தவளை மாதிரி உதைப்பதற்கு மட்டும் ஒரே பிடிவாதமாக இல்லை என்றாள். அதில் பாதம் வெளிப்பக்கம் திரும்பும், சுளுக்கிய இடத்தில்தான் இழுபடும். நானும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என் நேரம் குறைந்துகொண்டே வந்தது, காலில்லாமலே போன வருட நேரத்தை நெருங்கிவிட்டேன் என்று தலைகால் புரியாமல் இருந்தேன். ஆளை இழுக்கும்போது இரண்டு கையும் அந்த ஆளைத்தான் பிடித்திருக்கும், வேலை முழுவதும் தவளை உதைக்குத்தான் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. இத்தனை வருடம் ஆள் இழுத்தவளுக்கு! வலிக்காத இடத்தையே பழக்கிப் பழக்கி, வலிக்கிற இடத்தை மறந்தே போயிருந்தேன்.

அது உறைத்த அன்றே இன்னொரு இடியும் விழுந்தது.

என் கணவர் தினமும் என்னைக் குளத்துக்குக் கூட்டி வந்து, என் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு காத்திருப்பார். போரடிக்கிறதே என்று ஒரு நாள் ஆழமில்லாத பக்கம் இறங்கி நின்றார். அடுத்த நாள் ஒரு நுரைக் கட்டையைக் கட்டிக்கொண்டார். நான் கவனிக்கவில்லை, என் தோளோடு மல்லுக்கட்டவே நேரம் சரியாக இருந்தது. அன்றைக்குச் சுவரைத் தொட்டுத் தலையைத் தூக்கினால், பக்கத்துத் தடத்தில் ஒரு தொப்பை மிதந்து வருகிறது. கட்டை கிட்டை ஒன்றும் இல்லை. கையைப் போட்டு, மூச்சை வாங்கி, முழு நீளமும் வந்து சேர்ந்து, "எப்படி?" என்றார்.

ஒரு நொடி பூரித்துத்தான் போனேன். மறு நொடி தேர்வு ஞாபகத்துக்கு வந்தது. நிமிர்ந்தால் கரையில் குளோரின்.

"வாழ்த்துகள் சார்" என்றார் அவர். "இனிமே நீங்க மூழ்க முடியாது."

அன்று வீட்டில் பெரிய சண்டை வெடித்தது. "உங்களை யாரு நீந்தச் சொன்னது?" என்று நான் கத்த, "உலகத்துல எந்தப் பொண்டாட்டியாவது புருஷன் மூழ்கலைன்னு அழுவாளா?" என்று அவர் கேட்க, நான் நிஜமாகவே அழுதுவிட்டேன். யாரைக் கூப்பிடுவது? கீழ் வீட்டுக்காரருக்கு நீச்சல் தெரியும். அக்கா வெளியூரில். நான் காலைப் பற்றியும் சொன்னேன். தவளை உதை இல்லாமல் ஆளை இழுக்க வழியில்லை, என்னைச் சாவிக் கவுண்டருக்கு இப்போதே அனுப்பிவிடுங்கள் என்றேன்.

நாத்தனாரும் அங்கேதான் இருந்தாள். சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்தாள்.

"ஒரு கையால என்னைப் பிடிச்சுக்கிட்டு, பக்கவாட்டுல படுத்து இன்னொரு கையால நீந்த முடியுமா அண்ணி? காலைக் கத்திரி மாதிரி முன்னும் பின்னும் போட்டா கணுக்கால் திரும்பாது."

"முடியும். ஆனா என்னைன்னா?"

"நான் வர்றேன்."

என் கணவர் வாயில் வைத்த தண்ணீரைத் துப்பிவிட்டார். அவள் தண்ணீருக்கு எவ்வளவு பயந்தவள் என்பது எங்களுக்குத்தான் தெரியும். தலை குளிக்கும்போதுகூட முகத்தில் தண்ணீர் விழாமல் அண்ணாந்து நிற்பவள். ஆஸ்பத்திரிக் குளத்தில் நோயாளிகளுக்குப் பயிற்சி கொடுப்பாள்தான், அந்தத் தண்ணீர் இடுப்புக்கு மேல் வராது, அதிலும் ஒரு கை கம்பியை விடாது.

"ரெண்டு நிபந்தனை" என்றாள். "தவளை உதை கூடாது. அப்புறம், ஒத்திகை கித்திகைன்னு கூப்பிடக் கூடாது. ஒரு தடவைதான் என்னால முடியும்."

ஒரு தடவைதான் என்கிறவள் குளோரினின் கேள்விக்கு என்ன பதில் சொல்லுவாள்? பொய் சொல்லுகிற ஜாதியும் இல்லை அவள். கேட்க நினைத்து வாயை மூடிக்கொண்டேன். வேறு ஆள் இல்லை. ஒத்திகைக்கு ஒரு மூட்டைத் துணியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, அதை அணைத்துக்கொண்டு பக்கவாட்டில் நீந்திப் பழகினேன். மூட்டை சமர்த்தாக வந்தது. அதற்குப் பயம் கிடையாதே.

தேர்வு அன்று முதல் பகுதி சுலபமாக முடிந்தது. சுவரைக் கையாலேயே தொட்டுத் திரும்பியும் நேரத்துக்குள் வந்துவிட்டேன். குளோரின் ஸ்டாப்வாட்சைப் பார்த்து, புருவத்தை மட்டும் தூக்கினார்.

பிறகு நாத்தனாரைப் மிதவைக் கட்டை ஒன்றைப் பிடிக்க வைத்து ஆழத்துக்குக் கொண்டு போனார்கள். கடன் வாங்கிய நீச்சல் உடை அவள் மேல் தொளதொளவென்று கிடந்தது. உதடு வெளுத்திருந்தது. கட்டையை விடுங்க என்றார் குளோரின். அவள் விட்டாள். அதைப் பார்த்தபோது எனக்கு அவள் மேல் இருந்த அத்தனை வருத்தமும் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

குதித்தேன். அவள் பின்னால் போய், மார்பின் குறுக்கே கையைப் போட்டு, முகத்தை மேலே தூக்கிப் பிடித்தேன். "நான் இருக்கேன், வானத்தைப் பாரு" என்றேன். கத்திரி உதை, ஒரு கை இழுப்பு, மறுபடி கத்திரி உதை. கணுக்கால் சமர்த்தாக இருந்தது. பாதி தூரம் கடந்துவிட்டோம். எதிர்க்கரையில் என் கணவர் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு நின்றார்.

ஒரு சின்ன அலை. நானே கிளப்பிய அலைதான். அது அவள் முகத்தில் ஏறி இறங்கியது. அவ்வளவுதான், என் பிசியோதெரபிஸ்ட் காணாமல் போனாள். குரங்குப் பிடியாக என் கழுத்தைக் கட்டிக்கொண்டு என் தலை மேல் ஏறப் பார்த்தாள். இருவரும் கீழே போனோம். இந்த மாதிரி சமயத்தில் பிடியை உதறிவிட்டு விலகி, ஆள் களைத்த பிறகு மறுபடி பிடிக்க வேண்டும் என்பது பாடம். நானே பத்துப் பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். என்னால் முடியவில்லை. ஒரே தடவைதான் என்று சொல்லி வந்தவளை எப்படி உதறுவது? இரண்டு கையாலும் அவளை மேலே ஏந்தினேன். கால் என்னைக் கேட்கவில்லை, தானே மடங்கி, வெளிப்பக்கம் திரும்பி, தவளை மாதிரி ஓங்கி உதைத்தது. கணுக்காலில் சூடு வைத்த மாதிரி சுரீர் என்றது. தலை வெளியே வந்தது. இன்னொரு உதை. இன்னொரு சுரீர். எத்தனை உதை என்று தெரியாது, சுவர் கைக்கு வந்தது.

இருவரும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தொங்கினோம். அவள் இருமினாள், நான் மூச்சு வாங்கினேன். குளோரின் குந்தி உட்கார்ந்தார். அவள் இருமல் நிற்கும்வரை காத்திருந்தது அவர் செய்த பெரிய மரியாதை.

"இவங்க மறுபடி இழுத்தா வருவீங்களா?"

"வருவேன்" என்றாள் அவள். யோசிக்கவே இல்லை. ஆனால் அவள் முடிக்கவில்லை. "நான் வருவேன். ஆனா அவங்களை அனுப்ப மாட்டேன்."

"அப்படின்னா?"

"அந்தக் கால் இன்னும் ஆறலை. எனக்காக அதை உதைச்சுட்டாங்க. நான் அதைப் பார்த்துச் சரின்னு சொல்ற வரைக்கும் அவங்க அந்த நாற்காலியில ஏறக் கூடாது."

இருபது வருடத்தில் இப்படி ஒரு பதிலை அவர் கேட்டதில்லை போலிருக்கிறது. தாடையைச் சொறிந்தார். "நான் கேட்டதுக்குப் பதில் வந்தாச்சு" என்றார். "நாற்காலி இவங்களுது. என்னைக்கு ஏறணும்னு நீங்க சொல்லுங்க. அதுவரைக்கும் சாவி கொடுக்கட்டும்."

எனக்கு வந்ததே கோபம்! வாயை வைத்துக்கொண்டு 'வருவேன்' என்பதோடு நிறுத்தியிருக்கக் கூடாதா? நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று அவள் பக்கம் திரும்பினேன். அவள் ஒரு கை விளிம்பில் இருந்தது. இன்னொரு கை தண்ணீருக்குள் என் நீச்சல் உடையின் தோள்பட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தது. விரல் முட்டிகள் வெளுத்துப் போகிற அளவுக்குப் பிடித்திருந்தாள்.

"விடு, கரைக்கு வந்தாச்சு" என்றேன்.

"தெரியும் அண்ணி" என்றாள். "கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

நான் அந்தக் காலை அசைக்காமல், அவள் விடும்வரை அங்கேயே மிதந்துகொண்டிருந்தேன்.