கதவுக் கோப்பைத் திறந்து வைத்திருப்பவர்

அண்ணன் இறந்து நாற்பத்து மூன்றாம் நாள், மதியம் மூன்று மணி ஆறு நிமிடத்துக்கு, லிஃப்ட் கதவுகளை ஆட்டிவைக்கும் நிரல் இருந்த கோப்பைத் தங்கை திறந்தாள். இதை வேறொருவர் ஏற்கனவே திறந்து வைத்திருக்கிறார் என்றது கருப்புத் திரை. திறந்தவர் என்ற இடத்தில் அண்ணனின் பெயர். திறந்த நேரம், அன்றைக்கே மூன்று மணி. நிலை, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் கீழே வழக்கமான கேள்வி: படிக்க மட்டுமா, அவர் தட்டியதை மீட்கவா, அழித்துவிடவா?

இது நடந்தது லிஃப்டுகளுக்கு மூளை எழுதும் ஒரு கம்பெனியின் ஆறாம் மாடியில். மொத்தம் முப்பத்தெட்டு லட்சம் வரி. முழுக்கப் படித்தவர் எவரும் கிடையாது. அங்கே எல்லோரும் மவுஸைத் தொடாமல், விசைகளாலேயே ஓட்டும் எடிட்டரில்தான் எழுதுவார்கள். முதல்நாள் அது காலி வீடு மாதிரி இருக்கும். விளக்கும் தாழ்ப்பாளும் நாமே மாட்டிக்கொள்ள வேண்டும். மாட்டுவதெல்லாம் ஒரே அமைப்புக் கோப்பில். ஆறாம் மாடிப் பழக்கம் என்னவென்றால், புதிதாக வருகிறவர் முந்தியவரின் அமைப்புக் கோப்பை வாங்கி அப்படியே ஒட்டிக்கொள்வார். படிக்க மாட்டார். ஓடினால் சரி. யாருடைய கோப்பின் பூர்வீகத்தைத் தோண்டினாலும் அது அண்ணனிடம் போய் நிற்கும். எதற்கெடுத்தாலும் ஒரு சுருக்குவிசை வைத்திருந்ததால் அவருக்கு ‘சுருக்கு’ என்று பெயர். சாவிலும் சுருக்கம்தான். ஒரு மதியம் மூன்று மணிக்கு நாற்காலியிலேயே தலை சாய்ந்தார். அசந்துவிட்டார் போல என்று பக்கத்து மேசைக்காரர் ஃபேனைக் கூட்டி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

அவர் பார்த்த கதவுப் பகுதியைத் தொட ஆளில்லை. கீழ்மாடியில் சோதனைப் பிரிவிலிருந்த தங்கை கேட்டு வாங்கிக்கொண்டாள். மூன்று நாள் எடிட்டரைத் தன் கையாலேயே அமைத்துப் பார்த்தாள். நிறம் வந்தது. தேடல் வந்தது. ஒரு பெயரின் மேல் நின்று விசையைத் தட்டினால் அந்தப் பெயர் பிறந்த வரிக்கே தாவும் வசதியும் வந்தது. ஆனால் முப்பத்தெட்டு லட்சம் வரிக்கும் அது அட்டவணை போட ஆரம்பித்ததும் கம்ப்யூட்டர் இஸ்திரிப்பெட்டியாகக் கொதித்தது. ஓர் எழுத்தைத் தட்டிவிட்டுத் தண்ணீர் குடித்து வந்தால்தான் அது திரையில் விழுந்திருக்கும். நான்காம் நாள் பொறுமை போய், அண்ணனின் அமைப்புக் கோப்பை எடுத்து ஒட்டினாள். அவளும் படிக்கவில்லை. எடிட்டர் பறந்தது. பறந்ததும் திறந்ததுதான் கதவுக் கோப்பு.

படிக்க மட்டும் என்று அமுக்கினாள். திரையில் எழுத்துகள் தாமாக வந்தன, அழிந்தன, மறுபடி வந்தன. நாலு மணிக்கு நின்றன. மறுநாளும் அப்படியே. நாலு மணிக்கு அண்ணனின் காலி நாற்காலி சூடாக இருப்பதை இரண்டு பேர் தொட்டுப் பார்த்து உறுதி செய்தார்கள். என்ன எழுதுகிறார் என்று தங்கை பார்க்கவில்லை. எழுதுகிறார் என்பதே அவளுக்குப் போதுமாயிருந்தது.

சர்வர்க்காரர் மேலே வந்தார். “ரெண்டு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேன். நிறுத்தச் சொல்லி கில் குடுத்தாலும் போக மாட்டேங்குது.”

“உயிரோட இருந்தாத்தானேய்யா கில் பண்ண முடியும்” என்றார் பக்கத்து மேசைக்காரர். சொன்ன பிறகு தன் ஃபேனைக் கூட்டி வைத்துக்கொண்டார்.

சிக்கல் வேறு. அவர் பிடித்து வைத்திருக்கும் வரை கதவுக் கோப்பில் வேறு யாரும் எதையும் சேமிக்க முடியவில்லை. வெளியிலோ, பதினொரு கட்டடங்களில் லிஃப்ட் கதவுகள் ஆள் நுழைவதற்குள் மூடிக்கொண்டிருந்தன. முதலில் ஒரு பை, பிறகு ஒரு கைத்தடி, கடைசியில் ஒருவரின் முழங்கை எலும்பு. எதற்கும் வெள்ளிக்கிழமையையே கெடுவாக வைப்பதால் ‘வெள்ளிக்கிழமை’ என்று பெயரெடுத்திருந்த மேனேஜர் தங்கையின் மேசைக்கு வந்தார்.

“அழிச்சிடும்மா. ஒரே ஒரு எழுத்துதானே.”

“அந்த ஒரு எழுத்தை நீங்களே அமுக்குங்க சார்.”

மேனேஜரின் விரல் விசை வரைக்கும் போனது. அப்படியே திரும்பி வந்தது. “எனக்கு மீட்டிங் இருக்கு” என்றார். “ஆனா ஒண்ணு, வெள்ளிக்கிழமை காலையில சர்வரையே மாத்தச் சொல்லிட்டேன். பழசுல இருக்கிறது எதுவும் புதுசுக்கு வராது. பார்த்துக்கோ.”

புதன்கிழமை தங்கை அம்மாவை அழைத்து வந்தாள். வாசலில் செக்யூரிட்டி யாரைப் பார்க்க என்று கேட்டதற்கு அம்மா மகன் பெயரைச் சொன்னாள். அவர் அப்படியே எழுதிக்கொண்டு உள்ளே விட்டார். மூன்று மணிக்குத் திரையில் கர்சர் துடிக்க ஆரம்பித்தது. அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

“இவன்தான்டி. யோசனையில இருந்தா இப்படித்தான் காலை ஆட்டிக்கிட்டே இருப்பான்.”

“அம்மா, மெதுவா பேசு.”

“எதுல மாட்டிக்கிட்டானாம்?”

தங்கை நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்தாள். அன்றைக்குத்தான் முதல்முறையாக அந்த வரிகளைப் படித்தாள். கதவு எத்தனை விநாடி திறந்திருக்க வேண்டும் என்கிற எண். அதை நாலு என்று போட்டுப் பார்ப்பார், அழிப்பார்; ஐந்து, அழிப்பார்; அந்த எண் பிறந்த இடத்துக்குத் தாவுவார்; போன சுருக்கில் திரும்பி வருவார். எந்த எண் போட்டாலும் கதவு அசைந்து கொடுக்கவில்லை என்று அர்த்தம். தங்கை அமைப்புக் கோப்பைத் திறந்து முதல் வரியிலிருந்து படித்தாள். அந்த மாடியில் அதைப் படித்த முதல் ஆள் அவள்தான். இருநூற்றுப் பன்னிரண்டாவது வரியில் இருந்தது: ‘பழையது’ என்ற ஃபோல்டருக்குள் தேடாதே. வேகத்துக்காக ஆறு வருடத்துக்கு முன்னால் அண்ணன் போட்ட தாழ்ப்பாள். அந்த ஃபோல்டருக்குள் அதே பெயரில் இன்னொரு எண் இருந்தது. இரண்டு விநாடி. லிஃப்டுகள் கேட்டு நடந்தது அதைத்தான். தாழ்ப்பாளைப் போட்டவரே அதை மறந்து போனார். அவர் கோப்பை வாங்கி ஒட்டிக்கொண்ட மாடி முழுக்கக் குருடானது.

“இந்த வரியை எடுத்துட்டா அவனுக்கு வழி தெரிஞ்சிடும்மா. தெரிஞ்சா போயிடுவான்.”

“நீ பார்த்துக்கிட்டே இருக்கணும்னு என் பிள்ளை செவுத்துல முட்டிக்கிட்டே நிக்கணுமா?” என்றாள் அம்மா. குரலை உயர்த்தவில்லை.

அண்ணனின் கோப்பிலேயே அந்த வரியைத் தங்கை எடுத்தாள். எடிட்டர் மறுபடி அட்டவணை போட்டு முடிய மறுநாள் மதியமாயிற்று. வியாழன் மூன்று மணிக்குக் கர்சர் வந்தது, எண்ணின் மேல் நின்றது, தாவியது. இந்த முறை திரும்பவில்லை. பதினொரு நிமிடம் கதவுக் கோப்பில் எதுவுமே அசையவில்லை. பிறகு பழைய ஃபோல்டரில் இரண்டு என்பது ஆறு ஆனது. சேமித்தவர் பெயர், அண்ணன். கதவுக் கோப்பை யாரும் திறந்து வைத்திருக்கவில்லை என்றது திரை. நாலு மணிக்குத் தங்கை நாற்காலியில் கை வைத்தாள். சில்லென்றிருந்தது. ஐந்து மணி வரைக்கும் கையை எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை திருத்தம் லிஃப்டுகளுக்குப் போனது. சர்வர் மாறியது. பதினொரு கட்டடங்களிலும் கதவுகள் ஆறு விநாடி காத்து நின்றன.

திங்கள் மதியம் மூன்று மணி இரண்டு நிமிடத்துக்குத் தங்கை, புது சர்வரில் லிஃப்டின் பிரேக் கோப்பைத் திறந்தாள். வேறொருவர் ஏற்கனவே திறந்து வைத்திருந்தார். வீட்டுக்குப் போன் போட்டாள்.

விஷயத்தைக் கேட்ட அம்மா, “ஒரு வேலை முடிஞ்சதும் அவன் என்னிக்குடி வீட்டுக்கு வந்திருக்கான்? அடுத்ததை எடுத்திருப்பான்” என்றாள்.

அதற்குப் பிறகு வரிகள் அறுபது லட்சமாயின. வெள்ளிக்கிழமை ஓய்வு பெற்றார், அதுவும் ஒரு வெள்ளிக்கிழமை. ஆபீஸ் இரண்டு முறை இடம் மாறியது. இரண்டு முறையும் அந்த நாற்காலி யாரும் சொல்லாமலே லாரியில் ஏறியது. பிரேக் கோப்பில் வேலை இருப்பவர்கள் அதைக் காலையிலேயே முடித்துக்கொள்கிறார்கள்.