நேர்க்கட்டை

அரைஞாண் கயிற்றின் முடிச்சு அவிழவே இல்லை. குளிப்பாட்டுவதற்குள் அதில் கோத்திருந்த பீரோ சாவியை எடுத்துவிட வேண்டும் என்று இளவழகன் நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தான். அப்பாவின் வயிற்றில் விரல் படும்போதெல்லாம் கையைப் பின்னுக்கு இழுத்தான். விடிகாலை நான்கு மணிக்குப் போன உயிர். இப்போது மணி பத்தரை. உடம்பு விறைத்துவிட்டது.

"அறுத்துரு சாமி. இனி அவருக்கு எதுக்குக் கயிறு?" என்றாள் அம்மா சாலம்மாள்.

கத்தரிக்கோலால் அறுத்தான். சாவி கைக்கு வந்தது. ஐந்து வருடத்துக்கு முன்பு ஒரே ஒரு நாள், அப்பாவே கழற்றி அவன் கையில் கொடுத்த சாவி.

வாசல் பந்தலில் ஏட்டு காளிதாஸ் உட்கார்ந்திருந்தார். மாலை போடத்தான் வந்தார். ஆனாலும் போலீஸ்காரர் போலீஸ்காரர்தான். இளவழகனைத் தனியே கூப்பிட்டுத் தணிந்த குரலில் சொன்னார்.

"இப்பவேன்னு சொல்லலீங்க. காரியமெல்லாம் முடிச்சுப்போட்டு துப்பாக்கி ரெண்டையும் டேசன்ல ஒப்படைச்சுருங்க. உங்க பேருக்கு லைசென்சு வேணும்னா அப்பறம் எழுதிக் குடுங்க. நீங்கதான் சேலத்துல கிளப்புல சுடறீங்களாமே, கெடைச்சுரும்."

கெடைச்சுரும். அந்த வார்த்தையை இளவழகன் ஐந்து வருடத்துக்கு முன்பே மனசுக்குள் சொல்லிப் பார்த்தவன்.

கிணற்று மேட்டில் கொட்டாங்குச்சிகளை வரிசையாக வைத்துச் சுடுவது ஒன்றுதான் அப்பா அர்த்தநாரிக்கு இருந்த ஆடம்பரம். வெற்றிலைக் கொடிக்காலும் கரும்பும் தவிர வேறு நினைப்பில்லாத மனிதரிடம் மூன்று துப்பாக்கிகள் இருந்தன. ஒன்று பரம்பரையாக வந்த இரட்டைக்குழல். மற்ற இரண்டும் பழைய லீவர் துப்பாக்கிகள். விசைக்கு அடியில் இருக்கும் வளையத்தை இறக்கி ஏற்றினால் அடுத்த தோட்டா ஏறும். இரண்டுக்கும் ஒரே சிறிய தோட்டாதான், கைப்பிடிதான் வேறு. ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்து மேனேஜர் ஊரைவிட்டுப் போகும்போது வாங்கியதில் மரக்கட்டை விசைக்குப் பின்னால் நேராக ஓடும். அது நேர்க்கட்டை. பிறகு வாங்கியதில் கட்டை கீழ்நோக்கி வளைந்து உள்ளங்கைக்குள் உட்காரும். அது வளைகட்டை.

ஓர் ஆளுக்கு இரண்டுக்கு மேல் கூடாது என்று சட்டம் மாறியபோது, சர்க்கரை அர்த்தநாரியின் இரண்டு கண்களையும் தின்று முடித்திருந்தது. இரட்டைக்குழலை விட அவருக்கு மனசில்லை. லீவர் இரண்டில் ஒன்று போக வேண்டும்.

"வளைஞ்சதக் குடுத்துட்டு வா சாமி. நேர்க்கட்டை இருக்கட்டும்."

"வளைஞ்சதுதானுங்கப்பா குறி தப்பாது."

"நான் என்னத்த சுடப்போறேன்? சும்மா கையில புடிச்சுக்கிட்டு உக்காரத்தான்."

ஒப்படைப்பு மனுவில் இளவழகன் நேர்க்கட்டையின் நம்பரை எழுதினான். அப்பாவின் விரலைப் பிடித்துக் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் வைத்தான். அவரும் போட்டார். அவரால் சுட முடியாது, அவருக்கப்புறம் நமக்குத்தானே என்பதுதான் அன்றைக்கு அவன் போட்ட கணக்கு. பெற்றவர் சோறு தின்று நடமாடிக்கொண்டிருக்கும்போதே அவருக்கப்புறம் என்று நினைத்தவன். திருட்டு என்றால் இதுதான் திருட்டு.

அன்று சாயங்காலம் அப்பா துப்பாக்கியைக் கேட்டார். வளைகட்டையை மடியில் வைத்தான். உள்ளங்கை மரத்தைத் தடவிக்கொண்டே போய் வளைவில் நின்றது. இளவழகன் ஒரு பொய்யோடு தயாராக நின்றான். அவர் ஒன்றும் கேட்கவில்லை.

"எண்ணெய்த் துணியக் குடு சாமி" என்றார்.

தெரியவில்லை போல என்று அவனுக்கு அன்றைக்கு ஏற்பட்ட நிம்மதி இருக்கிறதே, அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. பிறகு வெள்ளிக்கிழமை தவறாமல் அவரே பீரோவைத் திறந்து, துடைத்து, பூட்டினார். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ முறை அவர் கட்டிலருகே போய் நின்றிருக்கிறான். கரும்பு வெட்டுக் கூலி பற்றிப் பேசிவிட்டுத் திரும்பியிருக்கிறான்.

"ஏஞ்சாமி, அந்தத் துப்பாக்கியக் கொண்டாந்து ஒருக்கா அவரு பக்கத்துல வெய்யி. எடுத்துக்கிட்டுப் போறதுக்கு முன்ன தொட்டுக்கட்டும். அதுமேல உசுரா இருந்தாரு" என்றாள் அம்மா.

பீரோவைத் திறந்தான். வளைகட்டையின் குழல் பளபளத்தது. வளையத்தில் துரும்பளவு துருவில்லை. குழலுக்கு அடியில் இருந்த மரம் எண்ணெய் குடித்துக் கறுத்திருந்தது. வெளியே எடுத்து வெளிச்சத்தில் திருப்பினான்.

விசைக்குப் பின்னால் கைப்பிடி வளையத் தொடங்கும் இடத்தில் எண்ணெய் நின்றிருந்தது. அதற்கப்புறம் கட்டை வெளிறி, வறண்டு, பூஞ்சை பூத்துக் கிடந்தது. ஐந்து வருடத்துத் தூசி வளைவில் அப்படியே படிந்திருந்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் துடைத்த கை அங்கே ஒருமுறைகூடப் போகவில்லை.

இளவழகன் பீரோக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். அழுகை வரவில்லை. வந்திருந்தால் தேவலை.

"என்ன சாமி பண்ற? தண்ணி சேந்தியாச்சு, கூப்பிடறாங்க பாரு."

கொண்டுவந்து கட்டிலில் வைத்தான். அப்பாவின் வலது கையைத் தூக்கிக் குழலின்மேல் வைத்தான்.

"அங்க இல்ல சாமி. சுடற மாதிரி கைப்பிடியில வெய்யி."

"இங்கியே இருக்கட்டும்மா."

"அட, நீ தள்ளு."

அம்மா முந்தானையால் தூசியைத் துடைத்தாள். அவர் கையை எடுத்து வளைவின்மேல் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கப் பார்த்தாள். மடங்கவில்லை. அமுக்கிப் பார்த்தாள். அவள் கையை விட்டதும் ஐந்து விரல்களும் வளைவைத் தொடாமல் நேராக நீட்டிக்கொண்டு நின்றன.

"வெறைச்சுப்போச்சு" என்றாள் அம்மா.

இளவழகன் துப்பாக்கியை அந்தக் கைக்கு அடியிலிருந்து மெல்ல உருவி எடுத்தான்.