எல்லாக் கேள்விக்கும் ஒரே ஆள்

மெங் ஷுவோவுக்குப் பெயர் வைக்கும்போதே அவன் அப்பா முதுகலைப் பட்டத்தையும் சேர்த்து வைத்துவிட்டார். சீனத்தில் ஷுவோ என்று எழுதும் எழுத்துதான் அந்தப் பட்டத்தின் பெயருக்கும் முதல் எழுத்து. குழந்தை குப்புற விழுவதற்கு முன்பே மேற்படிப்பு முடிந்துவிட்ட திருப்தி அவருக்கு. பாக்கி இருந்தது, பட்டத்தை வாங்குகிற சில்லறை வேலை. அதற்கு முன்னால் ஆங்கிலத் தேர்வு.

வாசிப்பு, எழுத்து, கேட்டல் மூன்றிலும் ஷுவோவைக் குறை சொல்ல முடியாது. தேர்வுக்கான சொல் புத்தகத்தில் முதல் சொல்லுக்குப் பொருள் 'கைவிடுதல்'. வுஹானில் அந்தப் புத்தகத்தைத் திறந்த எல்லோருக்கும் அந்தச் சொல் மனப்பாடம். முக்கால்வாசிப் பேர் அதோடு புத்தகத்தைக் கைவிட்டும் விடுவார்கள். ஷுவோ கடைசிப் பக்கம் வரை போனவன். பேச்சுத் தேர்வில்தான் வழுக்கியது. இரண்டு முறை போய் இரண்டு முறையும் ஒன்பதுக்கு ஐந்தரை. இங்கிலாந்தில், லீட்ஸில், அவனுக்கு இடம் ஒதுக்கியிருந்த கல்லூரி கேட்டது ஆறரை. கோடைக்குள் அது வராவிட்டால் இடம் இன்னொருவருக்கு.

இடம் போனால் செங் ஆனும் போய்விடுவான் என்பதுதான் ஷுவோவின் உண்மையான பயம். அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

செங் ஆன் விடுதியில் அவனுடைய பக்கத்துக் கட்டில்காரன். நான்கு வருஷத்தில் அந்த இரண்டு கட்டில்களுக்கு நடுவே என்ன முளைத்தது என்று அந்த அறையில் இருந்த மற்றவர்களுக்குத் தெரியாது. அவர்கள் காதில் எப்போதும் கணினி விளையாட்டின் சத்தம். போன இலையுதிர் காலத்தில் செங் ஆன் லீட்ஸ் போனான். இரண்டு அறை உள்ள வீட்டைப் பிடித்து ஓர் அறையைக் காலியாக வைத்திருக்கிறான். கோடை முடிந்தால் வேறு ஆளை வைத்துவிடுவேன் என்று வீட்டுக்காரி சொல்லிவிட்டாள். வந்துவிடு என்று செங் ஆன் கேட்டதே இல்லை. அறையின் படத்தை மட்டும் அனுப்புவான். முதலில் வெறும் அறை. பிறகு அதில் ஒரு மேஜை. பிறகு மேஜைக்கு முன்னால் ஒரு நாற்காலி. நாற்காலியில் செங் ஆன் தன் அழுக்குத் துணிகளைக் குவித்து வைத்திருந்த படம் வந்த அன்று ஷுவோ பயந்துபோய்ப் பேச்சுப் பயிற்சிக்குத் துணை தேடினான்.

கிடைத்தவள் ரூயி. அதே துறையில் ஒரு வருஷம் மூத்தவள். பேச்சில் ஏழரை வாங்கிவிட்டு எழுத்தில் கோட்டை விட்டவள். அவள் கட்டுரைகளை இவன் திருத்துவது, இவன் வாயை அவள் திருத்துவது என்று ஒப்பந்தம். காலையில் எள் விழுது போட்டுப் பிரட்டிய நூடுல்ஸைக் காகிதக் கிண்ணத்தில் ஏந்திக்கொண்டு கிழக்கு ஏரிக்கரையில் சந்திப்பார்கள். கரை நெடுக அவர்களைப் போலவே பிள்ளைகள் தண்ணீரைப் பார்த்து ஆங்கிலத்தில் கத்திக்கொண்டிருக்கும். ஏரியைத் தேர்வுக்கு உட்கார வைத்திருந்தால் இதற்குள் எட்டு மதிப்பெண்ணாவது வாங்கியிருக்கும்.

ரூயியின் வழி பயிற்சி நிலையங்களில் சொல்லித்தருகிற அதே வழிதான். தேர்வில் ஓர் அட்டையைக் கொடுத்து, அதில் உள்ளதைப் பற்றிப் பேசு என்பார்கள். உனக்கு உதவியவர், நன்றாகச் சமைப்பவர், நீ மறுபடி பார்க்க விரும்புபவர் என்று ஐம்பது விதமாக வரும். ஐம்பதுக்கும் ஐம்பது பேரைத் தயாரிக்க யாருக்கு நேரம்? ஒரே ஆளைத் தயார் செய்து எல்லா அட்டையிலும் அவரையே உட்கார வைத்துவிட வேண்டும். அந்த ஆள் சமைப்பார், உதவுவார், ஓடுவார், தேவைப்பட்டால் சுற்றுச்சூழலையும் காப்பாற்றுவார்.

ஷுவோ ஒரு கற்பனை மாமாவைச் சொல்லிப் பார்த்தான். மாமா இரண்டாவது வாக்கியத்திலேயே உயிரை விட்டார். ரூயி நூடுல்ஸை மென்றபடி, பொய் சொன்னால் உன் கண் செத்த மீன் மாதிரி ஆகிவிடுகிறது, நிஜமான ஆளையே எடுத்துக்கொள் என்றாள்.

"லீட்ஸ்ல உனக்கு ஒரு 'தா' இருக்குன்னு பேசிக்கிறாங்களே. அத எடு."

சீனப் பேச்சில் 'அவன்', 'அவள்' இரண்டுக்கும் ஒரே சத்தம்: தா. எழுதினால் வேறு வேறு எழுத்து, வாயில் வித்தியாசமே இல்லை. இதை ஷுவோ அளவுக்கு அனுபவித்தவர் கிடையாது. சொந்த ஊரான வூஹூவில் இருந்த அம்மாவிடம் அவன் செங் ஆனைப் பற்றி எவ்வளவோ சொல்லியிருக்கிறான், ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. 'தா'வுக்குச் சளி பிடித்திருக்கிறது. 'தா' நன்றாக மீன் வேகவைக்கும். எல்லாம் குரல் பதிவுதான். எழுதி மட்டும் அனுப்பமாட்டான். பேர் என்ன என்று கேட்டதற்கு 'ஆன்' என்றான். அமைதி என்று அர்த்தம், ஆணுக்கும் வைக்கலாம், பெண்ணுக்கும் வைக்கலாம். அம்மா அந்த அமைதிக்காக ஒரு பட்டு ரஜாய்க்குச் சொல்லி வைத்திருந்தாள், கல்யாணச் சிவப்பு நிறத்தில்.

அப்படித்தான் செங் ஆன் எல்லாக் கேள்விக்குமான ஆளானான். பேசத் தொடங்கியதும் ஷுவோவின் ஆங்கிலம் அவனுக்கே அடையாளம் தெரியாமல் ஓடியது. செங் ஆன் மழையில் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தது, காய்ச்சலில் கிடந்தபோது பல்துலக்கும் குவளையில் கஞ்சி கொண்டுவந்தது. ரூயி சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

எல்லா வாக்கியமும் 'ஹீ'யில் தொடங்கியிருந்தது.

சீனப் பிள்ளைகளுக்கு இது பிறவிக் கோளாறு. பெற்ற தாயை 'ஹீ' என்பார்கள், வீட்டுக் கிழவரை 'ஷீ' என்பார்கள், இலக்கணத் தேர்வில் முழு மதிப்பெண் வாங்கிய வாயே அப்படித்தான் சொல்லும். ரூயிக்கு இந்தக் கோளாறு ஜென்மப் பகை. மருந்தும் வைத்திருந்தாள்: ஒரு 'ஹீ'க்கு ஒரு தோப்புக்கரணம். காதைப் பிடிக்க வேண்டாம், உட்கார்ந்து எழுந்தால் போதும்.

"அக்கா, அது தப்பில்ல," என்றான் ஷுவோ ஒருநாள். அதைச் சொல்வதற்கு முந்தின வாரம் முழுவதும் தைரியம் சேர்த்திருந்தான்.

"எல்லாப் பயலும் இதத்தான் சொல்றான். உக்காரு."

உட்கார்ந்தான். எழுந்தான். உலகத்தில் உண்மை பேசியதற்காகத் தொடை வலி வந்தவர்கள் குறைவு. ஒவ்வொரு முறை நிஜத்தைச் சொன்னபோதும் ஏரிக்கரையில் குந்தி எழுந்தான். பக்கத்தில் கத்திக்கொண்டிருந்த பிள்ளைகள் இதுவும் ஏதோ புதுப் பயிற்சி என்று நினைத்து அவர்களும் குந்தத் தொடங்கினார்கள்.

ஆபத்து தோப்புக்கரணத்தில் இல்லை. ரூயிக்குப் பயந்து 'ஷீ' சொல்வான், அடுத்த வாக்கியத்தில் மனசு 'ஹீ' என்று நழுவும், பதறி மறுபடி 'ஷீ' என்பான். தேர்வாளர் காதில் அது ஐந்தரை. போன இரண்டு முறையும் செங் ஆன் பேச்சு வந்த இடத்தில் நடந்தது இதுதான் என்று அவனுக்கு இப்போதுதான் உறைத்தது. கணினித் திரையில் வந்து தேர்வு நடத்தும் அந்நியரிடம்கூட அவனால் ஒழுங்காக 'ஹீ' சொல்ல முடியவில்லை. ஒழுங்காக 'ஷீ' சொல்லவும் வரவில்லை. ஏதாவது ஒன்றில் நின்றால் ஆறரை. 'ஹீ' என்றே நிற்கலாம் என்று ஏரிக்கரையில் ஒருமுறை வாயைத் திறந்தான். ரூயி நிமிர்ந்து பார்த்தாள். தேர்வு மையம் அம்மாவுக்குப் போன் போடப் போவதில்லை என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் வாய் 'ஷீ' என்றது.

ரூயி கைதட்டினாள். ஞாபகத்துக்கு ஒரு முளை அடித்து வைத்துக்கொள், வழுக்காது என்று யோசனையும் சொன்னாள்.

"நீள முடின்னு ஒண்ணு சேத்துக்கோ. 'ஹெர் ஹேர்'னு ஆரம்பிச்சிட்டா அப்புறம் 'ஹீ' வராது. என்ன, முழிக்கிற? நிஜத்துல குட்டை முடியா?"

"குட்டைதான்."

"பரவால்ல, வளர்த்துக்கலாம்."

செங் ஆனுக்கு முடி வளர்ந்தது. அடுத்த வாரம் பாவாடை வந்தது, வெயிலுக்குக் குடை வந்தது. கஞ்சி கொண்டுவந்த கையில் வளையல் ஏறியது. மூன்றாவது வாரம் முடிவதற்குள் ஷுவோ ஒரு தடுக்கல் இல்லாமல் பேசினான். மாலையில் லீட்ஸிலிருந்து செங் ஆன் அழைக்கும்போது, ஒட்ட வெட்டிய அந்தத் தலையைத் திரையில் பார்த்து ஒரு நொடி யாரோ என்று நினைத்தான். அதற்காகத் தன்னைத் திட்டிக்கொண்டான். சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று செங் ஆன் கேட்டால், படிக்க நிறைய இருக்கிறது என்று சொல்லி வைத்துவிடுவான்.

தேர்வு நாளில் ஒரு சின்ன அறைக்குள் அவனை உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டினார்கள். திரையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி தோன்றி வணக்கம் சொன்னார். அட்டை வந்தது: நீங்கள் பார்க்காமல் ஏங்கும் ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள்.

ஷுவோ அதை இன்னொரு முறை படித்தான். இந்த நாட்டில் யாரையும் தெரியாத ஒருவர், அவன் முகத்தை இனி வாழ்நாளில் பார்க்கப்போகாத ஒருவர், அவன் மனசில் இருப்பதைக் கேட்கிறார். சொல்லிவிட்டு எழுந்து போகலாம். பேனாவை எடுத்தான். குறிப்புத் தாளில் 'ஹெர் ஹேர்' என்று எழுதினான்.

பிறகு பேசினான். நன்றாகவே பேசினான். கூந்தல் காற்றில் பறந்தது, குடை மழையில் நனைந்தது. ஒரு சொல்கூட நழுவவில்லை. அந்தப் பெண்மணி, அவளை விரைவில் சந்திப்பீர்கள் என்று நம்புகிறேன் என்று புன்னகையோடு சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

ஏழு வந்தது. கேட்டதைவிட அரை அதிகம். ரூயி அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்து, கல்யாணத்துக்குக் கூப்பிடாவிட்டால் கொன்றுவிடுவேன் என்றாள். அம்மாவுக்குக் குரல் பதிவு அனுப்பினான். ரஜாயை விமானத்தில் எடுத்துப்போக விடுவார்களா, 'தா'விடம் கேட்டுச் சொல் என்று பதில் வந்தது.

அன்று மாலை செங் ஆனை அழைத்தான். லீட்ஸில் மதியம். மதிப்பெண்ணைக் கேட்டதும் செங் ஆன் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். பிறகு எழுந்துபோய், கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு காலி அறைக்குள் நடந்தான். நாற்காலியில் துணி இல்லை. அவனே அதில் உட்கார்ந்தான்.

என்ன அட்டை வந்தது என்று கேட்டான். ஷுவோ சொன்னான்.

"அப்ப என்னப் பத்தித்தானே பேசுன? எனக்கும் சொல்லு. இங்கிலீஷ்லயே சொல்லு. ஏழு எப்படி இருக்கும்னு கேக்கறேன்."

வேண்டாம் என்று ஷுவோ மழுப்பிப் பார்த்தான். செங் ஆன் விடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்துவிட்டான். இப்போதாவது சரியாகச் சொல்லிவிடலாம் என்று ஷுவோவுக்கும் தோன்றியது. மூச்சை இழுத்துவிட்டுத் தொடங்கினான். முதல் சொல் 'ஷீ' என்று வந்து விழுந்தது.

செங் ஆன் கண்ணைத் திறக்காமலே சிரித்தான். "டேய், நிஜமாவே ஏழா? 'ஹீ'டா. இன்னும் அந்த வியாதி போகலையா? மறுபடி சொல்லு."

மறுபடி சொன்னான். 'ஹீ' என்று இரண்டு வாக்கியம் நொண்டியது. மூன்றாவது வாக்கியத்தில் வாய் தன் பழகிய தடத்தைக் கண்டுபிடித்துக்கொண்டது. நீளக் கூந்தல், பாவாடை, வளையல் போட்ட கையில் கஞ்சிக் குவளை. நிறுத்த நினைத்தான். ஏழு மதிப்பெண் சரளம் அது, நிற்கவில்லை.

செங் ஆன் கண்ணைத் திறந்திருந்தான்.

"யாருடா அது?"

"நீதான்."

செங் ஆன் தன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டான். கோபப்படுவான் என்று ஷுவோ எதிர்பார்த்தான். அவன் குரல் உயரவே இல்லை.

"அங்க சரி. அங்க 'தா'ன்னு சொல்லிட்டுப் போயிடலாம், நானும் அப்படித்தான சொன்னேன். இங்க வந்து இறங்குற. வீட்டுக்காரம்மா கதவத் திறக்குது. நான் பக்கத்துல நிக்கிறேன். இவன் உனக்கு யாருன்னு கேக்கும். என்ன சொல்லுவ?"

ஷுவோ வாயைத் திறந்தான். எந்தச் சொல் வரும் என்று அவனுக்கே தெரியாததால் திறந்தபடியே வைத்திருந்தான். செங் ஆன் இணைப்பைத் துண்டிக்கவில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்து, அவன் பதிலுக்காகக் காத்திருந்தான்.