இடது முன்சக்கரத்துப் பக்கம் ஒரு சத்தம்

என் தொண்டையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். தம்பானூரில் ஒரு சைவ ஹோட்டலில் நான் சூப்பர்வைசர். வாசலில் நின்றுகொண்டு "ரெண்டு நெய் ரோஸ்ட்" என்று அடுக்களைக்குக் குரல் கொடுத்தால், பஸ் ஸ்டாண்டில் நிற்கும் நாகர்கோவில் பஸ், கண்டக்டர்தான் 'ரைட்' சொல்லிவிட்டார் என்று நினைத்துப் புறப்பட்டுவிடும் என்று கேலி செய்வார்கள். போன கோடையில் கழுத்தில் ஒரு கட்டியை எடுத்தார்கள். கட்டி போயிற்று, உயிர் தங்கிற்று, குரல் நரம்பு மட்டும் படுத்துவிட்டது. இப்போது நான் எவ்வளவு முக்கினாலும் காற்றுதான் வருகிறது. ஹோட்டலில் என்னைக் கல்லாவில் உட்கார வைத்துவிட்டார்கள்.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். கரமனையில் பெரிய ரோட்டை ஒட்டிய வீடு. ஃபேனைப் போட்டால் நான் பேசுவது கேட்காது, ஃபேனை நிறுத்தினால் பஸ் சத்தத்தில் கேட்காது. எழுதிக் காட்டலாமே என்று புத்தி சொன்னவர்கள் உண்டு. கட்டின பெண்டாட்டிக்கு நான் என்ன மனுவா கொடுக்கிறேன்?

ஆனால் எனக்கு ஒரு கார் இருந்தது. முதலாளி புதுசு வாங்கியபோது என் தலையில் கட்டிய பழைய ஹைபிரிட். பெட்ரோலிலும் ஓடும், பேட்டரியிலும் ஓடும். மெதுவாகப் போனால் என்ஜின் தானே அணைந்துவிடும். வண்டி ஓடுவதே தெரியாது. கண்ணாடிகளை ஏற்றிவிட்டால் என் காற்றுக் குரல்கூடக் கேட்கும். எனக்குக் கழுத்தைத் திருப்ப வராததால் என் மனைவி ஆவுடைத்தாய்தான் ஓட்டுவாள். சாயங்காலம் ஆற்றோரமாக ஒரு சுற்று போவோம். மகள் விஷயம், மாடிக்குக் குடிவந்தவர் விஷயம், எங்கள் சண்டை சமாதானம் எல்லாமே அந்தச் சுற்றில்தான். அந்த வண்டி மட்டும் இல்லையென்றால் நான் ஊமைதான்.

அந்த வண்டியில்தான் சத்தம் வந்தது.

நான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த சில நாளிலேயே ஆரம்பித்துவிட்டது. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது இடது முன்சக்கரத்துப் பக்கம் 'தொப்' என்று கேட்கும். கொஞ்ச நாளில் 'தொப்' கெட்டியாகி 'கடக்' ஆயிற்று. கரமனை ரோட்டில் குழிக்குப் பஞ்சமா? நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் அதுவும் திறக்கும்.

"ஆங்? என்னங்க?" என்பாள் ஆவுடை.

திரும்பச் சொல்வேன். கடக்.

"ஆங்?"

பெரிய சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனோம். சக்கரத்துக்கு மேலே ஒரு கம்பியை மாற்றினார்கள். சத்தம் போகவில்லை. ரப்பர் புஷ்ஷை மாற்றினார்கள். அப்போதும் போகவில்லை. கடைசியில் டை கட்டிய ஒருவர், கியர்பாக்ஸே போயிருக்கும், இந்த வயசான வண்டிக்கு அதை மாற்றுவது வீண், எக்ஸ்சேஞ்சில் டீசல் வண்டி எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். ஆவுடையை அதில் ஏற்றி ஸ்டார்ட் செய்தும் காட்டினார். பக்கத்து சீட்டிலிருந்து நான் "ஆவுடை" என்றேன். அவள் ஏசியைத் திருகிக்கொண்டிருந்தாள். மறுபடி "ஆவுடை" என்றேன். திரும்பவே இல்லை. டீசல் என்ஜின் இரைச்சலில் என் காற்று எங்கே எடுபடும்?

இதற்கு நடுவில் ஒருநாள் டாக்டரைப் பார்க்கப் போனோம். ஆவுடை மருந்து வாங்கும் வரிசையில் நின்றபோது டாக்டர் என்னிடம் சொன்னார்: நரம்பு இனி எழும்பாது, இருக்கிற குரல்தான் இனி உங்கள் குரல். அவளிடம் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். பாலம் தாண்டி மெல்லச் சொன்னேன். கடக் கடக்.

"ஆங்? என்ன சொன்னீய?"

இரண்டாம் தடவை சொல்கிற செய்தியா அது? "ஒண்ணுமில்ல" என்று கையை ஆட்டிவிட்டேன்.

டீசல் வண்டிக்காரர் தினமும் போன் போட்டார். ஆவுடையும் ஏறக்குறைய சரி என்றுவிட்டாள். அதற்கு முன் ஒரு தடவை, எங்கள் தெருமுனையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ஸ்ரீஜித்திடம் காட்டலாம் என்று நான்தான் அடம்பிடித்தேன்.

ஸ்ரீஜித் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு ஆவுடையை ஓட்டச் சொன்னான்.

"சேச்சி, பதுக்கெ, மெல்லப் போணும். இப்ப என்ஜின் ஓஃபாணு. அப்பவும் சத்தம் உண்டு. அப்ப என்ஜின் இல்ல." கொஞ்ச தூரம் போனதும், "பிரேக் பிடிங்க. ஆ, முன்னால ஓடுது. இப்ப விடுங்க. பின்னால வருது. அண்ணாச்சி, இது எந்தோ ஒண்ணு உள்ள கெடந்து உருண்டு களிக்குது, கேட்டோ."

ஒர்க்‌ஷாப்பில் வண்டியைத் தூக்கி, அடியில் கையை விட்டு ஒவ்வொரு திருகையும் அசைத்துப் பார்த்தான். எல்லாம் இறுக்கமாக இருந்தன. "ஒண்ணும் லூசில்லல்லோ" என்று தலையைச் சொறிந்தான். ஆவுடை போனை எடுத்தாள். டீசல் வண்டிக்காரருக்குத்தான்.

அந்த நிமிஷத்தில்தான், வண்டியின் மூக்கருகே நின்றிருந்த எனக்கு ஒரு வாடை அடித்தது. கொஞ்ச நாளாக வண்டிக்குள்ளும் அடித்த வாடைதான். காறிப்போன தேங்காயெண்ணெய் வாடை. இந்த மலையாளத்து ஊரில் தலை, துணி, பலகாரம் எல்லாவற்றிலும் அந்த வாசம்தான், யார் கண்டுகொள்வார்கள்? ஸ்ரீஜித்துக்குத் தெரியாது, அவன் பிறந்ததே அதில். ஆவுடை கூந்தலுக்கும் அதுதான். நான் இங்கே வந்து எத்தனையோ வருஷமாகியும் நல்லெண்ணெயை விடாத தென்காசிக்காரன். என் மூக்கு இன்னும் ஊர் மாறவில்லை.

கம்ப்ரசர் இரைந்துகொண்டிருந்தது. அதில் நான் பேசி யாருக்குக் கேட்கும்? வண்டியைக் கீழே இறக்கச் சொல்லிச் சைகை காட்டி, இருவரையும் உள்ளே உட்காரவைத்துக் கதவைச் சாத்தினேன்.

"முதல்ல தொப்புனு கேட்டுச்சு. போகப்போக கடக்குனு ஆயிட்டு. இரும்பு காயுமா? இது காய்ஞ்சிருக்கு. தேங்கா வாடையும் அடிக்கி" என்றேன்.

"மணமா? எனிக்கு ஒண்ணும் கிட்டலியே" என்றான் ஸ்ரீஜித்.

ஆவுடை போனை மெல்ல மடியில் வைத்தாள். பிறகு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ, விடலை" என்றாள்.

நான் உயிரோடு வீடு திரும்பினால் பிள்ளையாருக்கு விடலை, அதாவது சிதறு தேங்காய், போடுவதாக நேர்ந்திருந்தாளாம். பழவங்காடிப் பிள்ளையார் கோயிலில் உடைத்திருக்க வேண்டியது. தையல் போட்ட கழுத்தோடு என்னை அந்தக் கூட்டத்தில் இறக்க மனமில்லாமல், வீடு வந்த அன்றே எங்கள் வாசலில், நான் வண்டிக்குள் இருக்கும்போதே, தேங்காயால் வண்டியை மூன்று சுற்று சுற்றி முன்னால் கிடந்த கல்லில் ஓங்கி அடித்தாள். நானும் பார்த்தேன். தேங்காய் சுக்குநூறாகச் சிதறியது. நன்றாகச் சிதறினால் நல்ல சகுனம் என்று சந்தோஷப்பட்டாள்.

பம்பருக்குக் கீழே இருக்கும் வலையில் இரண்டு பட்டை முன்பே வாசல் கேட்டில் இடித்து உடைந்து, ஓட்டை விழுந்திருந்தது. ஸ்ரீஜித் வண்டியை மறுபடி தூக்கி, அடிப்பக்கத்து பிளாஸ்டிக் தட்டைக் கழற்றினான். உள்ளங்கை அகலத்தில் ஒரு தேங்காய்ச் சிரட்டைத் துண்டு, சுருங்கிய கொப்பரையோடு, தரையில் விழுந்து உருண்டது.

"ஸ்பேர் பார்ட் கொள்ளாம், நல்லாயிருக்கு" என்று அதை எடுத்து அவளிடம் நீட்டினான் ஸ்ரீஜித். அவன் சிரித்த சிரிப்பில் கம்ப்ரசர் தோற்றுப்போயிற்று.

ஆவுடைக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. "உங்களுக்கு நல்லதுக்குன்னு போட்டேன். அதுவே உங்க பேச்சைக் கெடுத்திருக்கு பாருங்க" என்றாள். துண்டை முந்தானையில் துடைத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

திரும்பி வரும்போது ஆற்றோர வழியாகவே விட்டாள். முதல் வேகத்தடை வந்தது. நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். வண்டி ஏறி இறங்கிற்று. ஒரு சத்தமும் இல்லை. என்ஜின் அணைந்திருந்தது.

"ஆவுடை" என்றேன்.

"சொல்லுங்க."

இத்தனை நாள் கழித்து அந்தச் 'சொல்லுங்க'வைக் கேட்டதும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. டாக்டர் சொன்னதைச் சொன்னேன். இனி திரும்ப வராது என்றேன். பாதியில் நிறுத்தாமல் முழுவதும் சொன்னேன். அவள் ஒரு தடவைகூட 'ஆங்' என்று கேட்கவில்லை.

வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"உயிரைக் குடுன்னுதான் நேந்தேன். கொரலை நான் கேக்கவே இல்ல. பிள்ளையாரா பார்த்து இவ்வளவு விட்டு வச்சிருக்காரு" என்றாள். "எனக்குக் கேக்குல்லா? அது போதும்."

டீசல் வண்டிக்காரரின் போன் கைப்பைக்குள் அடித்தது. அவள் எடுக்கவில்லை.

"நீங்க பேசுங்க" என்றாள்.