பூசின உடம்பு

அக்கா மகளுக்கு நான் வைத்த பெயர் குச்சி. ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்ற ஆரம்பித்ததிலிருந்து பிள்ளை எலும்பும் தோலுமாகிவிட்டாள். நோய் அடங்கிவிட்டது, கடைசிச் சுற்று மட்டும்தான் பாக்கி என்று டாக்டர் சொன்னபோது எங்களுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அதற்கேற்றாற்போல் குச்சிக்கும் உடம்பு வைத்தது.

"பாருடி, கொஞ்சம் பூசினாப்ல ஆயிட்டா," என்றாள் அக்கா.

"சும்மா இரு, உன் கண்ணே பட்டுடப் போகுது."

பழைய ஷூ நுழையவில்லை. பிள்ளை வளர்கிறாள் என்று பூரித்துப்போய் புதிது வாங்கினோம். சாக்ஸைக் கழற்றினால் காலைச் சுற்றிப் பட்டை ஆழமாகப் பதிந்திருந்தது. அதைப் பார்த்தும் சிரித்தோம். பிறகு படுக்க மூன்று தலையணை கேட்டாள்.

"மகாராணிக்கு ஒண்ணு பத்தாதோ?" என்று சீண்டினேன்.

"இல்ல சித்தி, படுத்தா தண்ணிக்குள்ள இருக்கற மாதிரி மூச்சு முட்டுது."

அக்காவைத் தனியே இழுத்துப் போனேன்.

"தட்டுல பாதிச் சாப்பாடு அப்படியே கிடக்கேக்கா. உடம்பு மட்டும் எங்கேருந்து வந்துச்சு?"

"இப்பதான் தேறி வரா. உன் வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா?" என்று எரிந்து விழுந்தாள். ஆனால் மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டாள்.

அங்கே எடை பார்த்ததும், "ஏறியிருக்குல்ல?" என்று நர்ஸைப் பெருமையாகக் கேட்டாள். நர்ஸ் சிரிக்கவில்லை. டாக்டர் குச்சியின் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை அழுத்தி எடுத்தார். பிசைந்த மாவில் விரல் வைத்ததுபோல் குழி அப்படியே நின்றது. உடனே நெஞ்சில் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். அதைப் பார்த்துவிட்டு அக்காவிடம் சொன்னார்.

"இது சதை இல்லம்மா, நீர். புற்றுநோய்க்கு ஏத்தின மருந்துகள்ல அந்தச் சிவப்பு மருந்து சில பிள்ளைங்களுக்கு இதயத்தப் பலவீனமாக்கிடும். இவளுக்கு ஆக்கிடுச்சு."

"அப்ப கடைசிச் சுற்று?" என்றாள் அக்கா.

"அதே மருந்த இனி குடுத்தா இதயம் தாங்காது. குடுக்காம விட்டா, நோய் திரும்பாதுன்னு நான் சொல்ல முடியாது. முதல்ல இந்த நீர் இறங்கட்டும்."

வார்டில் குச்சியைச் சாய்த்து உட்கார வைத்து நீர் இறங்க மருந்து கொடுத்தார்கள்.

"சித்தி, நான் மறுபடியும் குச்சி ஆயிடுவேனா?"

"ஆகணும்டி தங்கம்," என்றேன்.

அக்கா கால்மாட்டில் உட்கார்ந்து மகளின் காலைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முறையும் குழி விழுந்தது.