வெள்ளிப் பாலாடை

எமர்ஜென்சி வருஷம். சிம்மக்கல் வீட்டில் எங்களுக்குப் பாத்திரம் தேய்த்தவள் மலையம்மாள். குழந்தையின் வெள்ளிப் பாலாடையைக் காணோம் என்றதும், "திருட்டு முண்டை" என்று தெருவே கேட்கக் கத்தி அவளை விரட்டினேன்.

அழகர் ஆற்றில் இறங்க இரண்டு நாள் இருக்கையில், வீடு நிறைய விருந்தாளிகள், சாக்கடை அடைத்துக்கொண்டது. அடைப்பெடுக்க வந்த சின்னான் மூங்கில் பிளாச்சை விட்டுக் குத்தினான். சாம்பலும் தேங்காய் நாருமாக வந்த சகதியிலிருந்து பாலாடையைப் பொறுக்கி, வாளித் தண்ணீரில் கழுவி என்னிடம் நீட்டினான்.

"இதுக்குத்தானம்மா மலையம்மா அக்காவ அம்புட்டுப் பேச்சுப் பேசுனீக?"

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. அப்போதாவது கையை நீட்டி வாங்கியிருக்கலாம். பாழாய்ப்போன வாய் முந்திக்கொண்டது.

"கீழ வச்சிட்டுத் தள்ளி நில்லு. எடுத்துக்கிறேன்."